மாமா அடித்த காற்று

அவருக்கு ரேகைக்காரர் என்று பட்டம் கொடுத்தது பக்கத்தில் கண்ணாடி வெட்டும் கடை வைத்திருப்பவர். டயர்க் கடைக்கு வண்டி வந்து நின்றால் மற்ற கடைக்காரர்கள் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். இவர் கேட்க மாட்டார். குனிந்து டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, பூனையைத் தடவுவது போல முன்னும் பின்னும் தடவிவிட்டு, "ஓட்டுறது நீங்களா, வீட்ல வேற யாருமா?" என்பார். வந்தவர் வாயைப் பிளப்பார். டயரின் வரிகளை, கடைப் பேச்சில் சொன்னால் பட்டனை, தடவியே அது எந்தச் சாலையில் ஓடியது, எவ்வளவு பாரம் சுமந்தது, ஓட்டியவர் பொறுமைசாலியா அவசரக்குடுக்கையா என்று புட்டுப் புட்டு வைப்பார்.

ஒரு முறை ஒரு மேலாளரின் கார் வந்தது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் போகிற வண்டி என்றார்கள். ரேகைக்காரர் தடவிப் பார்த்துவிட்டு, "இது மலைப்பாதை ஏறி இறங்குற டயர் ஆச்சே" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். விசாரித்தால், மேலாளரின் டிரைவர் விடுமுறை நாளெல்லாம் வண்டியைச் சுற்றுலாவுக்கு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த டிரைவருக்கு வேலை போனது. ரேகைக்காரருக்குப் புகழ் வந்தது. புகழ் வந்தால் கூடவே ஒரு வேதவாக்கும் வந்துவிடும் அல்லவா? "மீட்டரைத் திருத்தலாம், டயரைத் திருத்த முடியாது" என்பது இவருடையது. சாப்பிடும்போதும் சொல்வார், கை கழுவும்போதும் சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டே அவருடைய ஒரே மகள் வளர்ந்தாள். மற்ற பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற வயதில் இவள் அதை ஒப்பித்தாள்.

கடைசியில் அந்த வேதவாக்கு அவளுடைய குடித்தனத்திலேயே கை வைத்தது.

மாப்பிள்ளை டாக்சி ஓட்டுகிறவர். அதிகம் பேசாதவர். பழைய பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு, ஒருவர் கொஞ்ச காலம் ஓட்டிய மின்சாரக் காரை வாங்கினார். அதை முதல் நாளே மாமனார் கடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். ரேகைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "மாப்பிள்ளை, யாரோ ஓட்டின டயர்ல நீங்க ஓட்டக் கூடாது" என்று நான்கையும் கழற்றிப் போட்டார். கடையில் இருந்ததிலேயே உயர்ந்த ரகத்தை எடுத்தார். மெத்தென்று இருக்கும், சத்தமே வராது, பெரிய மனிதர்கள் காருக்குப் போடுகிற டயர். அளவு சரியாக இருந்தது. மாட்டினார். முப்பது வருடமாக அந்த அளவு டயருக்கு எவ்வளவு காற்று அடித்தாரோ அதையே அடித்தார். "என் பரிசு" என்றார். மாப்பிள்ளை நெளிந்தார். "எதுக்கு மாமா இதெல்லாம்" என்றார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

எப்போதுமே வராது. ரேகைக்காரர் ஊரில் எவனையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்பவர். ஆனால் மாப்பிள்ளையிடம் மட்டும் "சாப்பிட்டீங்களா?" என்பதைத் தாண்டிப் போனதில்லை. பெண்ணைக் கட்டியவரிடம் எதையாவது கேட்டு அது ஏதாவதாகி, பெண்ணுக்கு ஒரு சொல் வந்துவிட்டால்? மாப்பிள்ளையும் அப்படித்தான். மாமா சொன்னால் தலையை ஆட்டுவார். சொல்லாவிட்டாலும் ஆட்டுவார்.

சில மாதம் கழித்து, காற்றுப் பார்க்க வண்டி வந்தது. காற்று அடிக்கிறேன் என்று குனிந்த ரேகைக்காரர், பழக்கதோஷத்தில் முன் டயரைத் தடவினார். தடவிய கையை எடுத்துப் பார்த்தார். மறுபடி தடவினார். பட்டன் பாதிக்கு மேல் காணோம். நடுவில் கொஞ்சம் உயரமாக நிற்க, இரண்டு ஓரமும் வழித்துவிட்டது போல இருந்தது. ஓரம் இரண்டும் தேய்ந்தால் ஒன்று காற்றுக் குறைவு, இல்லையென்றால் பாரம். காற்று அவரே அடித்தது, அதில் தப்பு வராது. அப்படியானால் ஒரே அர்த்தம்தான், வண்டி பாரம் தூக்குகிறது. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாள் தவறாமல். இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு தேய வேண்டுமானால், மாப்பிள்ளை சொல்கிற ஓட்டத்தைப் போல் இரண்டு மடங்கு ஓட வேண்டும்.

"எப்படிப் போகுது மாப்பிள்ளை ஓட்டமெல்லாம்?" என்று கேட்டார். அதுவே அவருக்குப் பெரிய துணிச்சல்.

"வழக்கம் போலத்தான் மாமா. டவுனுக்குள்ளதான்."

டிரைவர் கதவு திறந்துதான் இருந்தது. எட்டிப் பார்த்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பளிச்சென்று தெரிந்திருக்கும். ரேகைக்காரர் எட்டிப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்வது, பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது மாதிரி அவருக்கு.

வண்டி போனதும் பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து யோசித்தார். பாரம். இரட்டை ஓட்டம். பகலில் டாக்சி, சரி. மீதி நேரத்தில் எங்கே போகிறார்? யாருக்கு என்ன ஏற்றுகிறார்? ஏற்றக் கூடாத சரக்கா? இல்லை, எங்கேயாவது இன்னொரு குடித்தனமா? அந்த நினைப்பு வந்ததும் அடுக்கை விட்டு எழுந்துவிட்டார். மாப்பிள்ளையின் வாடாத முகத்தை நினைத்துப் பார்த்தார். அமைதியாக இருப்பவர்கள்தான் ஊமைக்கோட்டான்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு மனிதரை அரை மணி நேரத்தில் உத்தமனிலிருந்து ஊமைக்கோட்டான் ஆக்குவதற்கு டயரைப் போல வேறு சாட்சி கிடையாது.

இதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும். சாப்பிட உட்கார்ந்ததும் மனைவியிடம் கொட்டினார். "உன் மனசோட வச்சுக்கோ" என்று வேறு சொன்னார். மனைவி மறுநாள் காலையிலேயே மகளுக்குப் போன் போட்டு, "உன் மனசோட வச்சுக்கோ" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள்.

மகளின் மனதில் ஏற்கெனவே ஒரு முள் இருந்தது. புது வண்டி வந்ததிலிருந்து கணவர் வீட்டுக்கு வர நேரமாகிறது. கேட்டால் "சார்ஜ் நிக்க மாட்டேங்குது, போட்டுட்டு வந்தேன்" என்பார். தினமுமா சார்ஜ் நிற்காது? இப்போது அப்பாவே டயரைத் தடவிப் பார்த்துச் சொல்லிவிட்டார். அவர் சொல்லி எது பொய்யாகியிருக்கிறது?

மாலையில் கணவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "எங்க போயிட்டு வர்றீங்க?"

"சார்ஜ் போட நின்னேன்."

"அப்பா உங்க டயரைப் பாத்துட்டாரு."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. கார்ச் சாவியை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். "கீழதான் நிக்குது. போய் மீட்டரைப் பாரு. எவ்வளவு ஓடியிருக்குன்னு நீயே பாத்துக்கோ."

"மீட்டரைத் திருத்தலாம்" என்றாள் அவள்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. விழுந்ததை அள்ள முடியுமா? அவர் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் அவள் ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்தவள் அழவில்லை. பழைய அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குத்தான் கண்ணீர். ரேகைக்காரர் தட்டில் கை வைத்தார், எடுத்தார், வைத்தார். ஒரு பக்கம் மகள் ஏமாறாமல் பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டார். இன்னொரு பக்கம் அந்த அறையின் கதவைத் தாண்டும்போதெல்லாம் அடி ஓசை கேட்காமல் நடந்தார். நாள் போகப் போக மகள் இளைத்தாள். மாப்பிள்ளையிடமிருந்து ஒரு போன் இல்லை. "தப்பு செஞ்சவரு எப்படிப் பண்ணுவாரு?" என்றார் ரேகைக்காரர். அதைச் சொல்லும்போது குரலில் முன்பிருந்த பலம் இல்லை.

அப்படியிருக்கும்போது ஒரு நாள், நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் காரைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளையுடையதைப் போலவே மின்சாரக் கார். மாப்பிள்ளைக்குப் போட்ட அதே சமயத்தில் இவருக்கும் அதே மெத்தென்ற டயரைப் போட்டவர் ரேகைக்காரர்தான். "ஓரமா ஏதோ வழுக்குற மாதிரி இருக்கு, பாருங்க தம்பி" என்றார் அந்த அம்மா. இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றவர் காற்றடித்தால் சாய்ந்துவிடுவார் போல இருந்தார்.

ரேகைக்காரர் குனிந்து தடவினார்.

இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தது. நடு மட்டும் நின்றது. அவ்வளவு ஆழம் இல்லை, ஆனால் தேய்ந்த விதம் மாப்பிள்ளை டயரின் கூடப் பிறந்தது.

"அம்மா, வண்டில நிறைய பாரம் ஏத்துவீங்களா?"

"நான்தான் பாரம்" என்றார் அந்த அம்மா. "கடைக்குப் போவேன். கண் டாக்டர்கிட்ட போவேன். வேற எங்க போறது இந்த வயசுல?"

"வேற யாராவது எடுத்துட்டுப் போவாங்களா?"

"யாரு இருக்கா? நான் மட்டும்தான்."

ரேகைக்காரர் அந்த அம்மாவைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். அவருடைய கணக்குப்படி இந்த அம்மாவும் யாருக்கும் தெரியாமல் பாரம் ஏற்றிக்கொண்டு இரட்டை ஓட்டம் ஓட வேண்டும். இல்லையென்றால் கண் டாக்டர் தெருவில் இந்த அம்மாவுக்கு ஒரு இரண்டாவது குடித்தனம் இருக்க வேண்டும். அவருக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

வாழ்க்கையில் முதல் முறையாக டிரைவர் கதவு வழியாகத் தலையை நீட்டி மீட்டரைப் பார்த்தார். ஓடியது கொஞ்சம்தான். யாரும் திருத்தவில்லை, இந்த அம்மாவுக்கு வேலை இல்லையா என்ன? தலையை வெளியே எடுக்கும்போது கதவை ஒட்டிய தூணில் ஒரு சின்ன ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. எத்தனையோ ஆயிரம் கார்களில் இந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்திருக்கும். ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. காற்று எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம், பிறகு எதற்குப் படிப்பது? இப்போது படித்தார். அவர் அடித்ததைவிட ஏறத்தாழ கால் பங்கு கூடுதலாகப் போட்டிருந்தது. பக்கத்திலேயே எவ்வளவு பாரம் தாங்கும் டயர் போட வேண்டும் என்றும் இருந்தது. கீழே உட்கார்ந்து டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைத் துடைத்துப் பார்த்தார். அது குறைச்சல்.

ஜாக்கியை நகர்த்தி வண்டியைத் தூக்கினார். கொஞ்ச நாளாகவே இந்த மாதிரி வண்டிகளைத் தூக்கும்போது ஜாக்கி முனகும். ஜாக்கிக்கு வயதாகிவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். வண்டியின் வயிற்றுக்கடியில் அதன் நீளத்துக்குப் பேட்டரி படுத்திருந்தது. அதுதான் பாரம். யாரும் ஏற்றவும் இல்லை, யாரும் இறக்கவும் முடியாது. காலை வைத்ததும் பாய்கிற மோட்டார், அத்தனை எடை, அதற்குக் கீழே மெத்தென்று ஒரு டயர், அதிலும் காற்றுக் குறைவு. தேயாமல் என்ன செய்யும்?

டயர் சொன்னது அத்தனையும் உண்மை. பாரம் என்றது, பாரம்தான். அர்த்தம் சொன்னவர்தான் கோட்டைவிட்டார்.

நூலகத்து அம்மாவிடம், "தப்பு என்னோடது அம்மா, சரியான டயர் வரவழைச்சு நானே மாட்டித் தர்றேன்" என்றார். கம்ப்ரஸரை இழுத்து ஸ்டிக்கரில் இருந்தபடி காற்றை ஏற்றி, மெதுவாக ஓட்டச் சொல்லி அனுப்பினார். ஷட்டரைப் பாதியில் இறக்கினார். பட்டப்பகலில் கடை மூடுவதைப் பார்த்த கண்ணாடிக் கடைக்காரர், "என்ன ரேகை, யாருக்கு என்ன?" என்று கேட்டார். ரேகைக்காரர் அதற்குள் தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

மாப்பிள்ளை சார்ஜ் போடுகிற இடத்தில்தான் இருந்தார். வரிசையாக நின்ற டாக்சிகளில் கடைசியாக, சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். சவரம் செய்யவில்லை. மாமனாரைப் பார்த்ததும் பதறி எழுந்தார். அந்த நிலைமையிலும், "சாப்பிட்டீங்களா மாமா?" என்றுதான் வாயில் வந்தது.

ரேகைக்காரர் வழியெல்லாம் சேர்த்துக் கட்டி வைத்திருந்த பேச்சு காணாமல் போனது. "மாப்பிள்ளை, தப்பு என்னோடது" என்றார். "டயர் தப்பு. காத்துத் தப்பு. நான் நினைச்சதும் தப்பு. எல்லாம் நான் பண்ணினது."

 மாப்பிள்ளை காருக்குள் கையை நீட்டித் திரையைத் தொட்டார். காரின் படம் வந்தது. நான்கு சக்கரமும் மஞ்சளாக மின்னின.

"முதல் நாள்லேருந்தே காட்டுது மாமா. காத்து கம்மின்னு."

"முதல் நாள்லேருந்தா?"

"ஆமா. காத்து கம்மியா இருந்தா சார்ஜ் சீக்கிரம் இறங்கும்னும் தெரியும். அதான் தினம் இங்க நிக்க வேண்டியதாப் போச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல? வேற எங்கயாவது அடிச்சிருக்கலாமே!"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "நீங்க அடிச்ச காத்து. அதை எப்படி மாமா தப்புன்னு சொல்றது?"

ரேகைக்காரருக்கு அடித்துப் போட்டது போல ஆனது. மாப்பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்று அவர் கேட்கவில்லை. மாமாவிடம் சொல்லக் கூடாது என்று இவர் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் மரியாதை கொடுத்தே நான்கு டயரையும் ஒரு குடித்தனத்தையும் தேய்த்திருக்கிறார்கள். பக்கத்துக் காரில் சார்ஜ் நிறைந்து ஏதோ சத்தம் வந்தது. இரண்டு பேரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

"அவளைக் கூப்பிட வாங்க மாப்பிள்ளை."

"நான் வரல மாமா" என்றார் மாப்பிள்ளை. மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார். "நீங்க டயரை நம்புனீங்க, அது உங்க தொழில். அவ என்கூடதானே இருக்கா? என் மூஞ்சியப் பாத்தா தெரியாதா?"

வீட்டுக்குப் போய் ரேகைக்காரர் செருப்போடு கூடத்தில் நின்றே எல்லாவற்றையும் சொன்னார். மனைவி தலையில் கை வைத்தாள். மகள் கடைசி வரை கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என் வீட்டு விஷயம். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் சொல்லணும்னு ஏம்ப்பா உங்களுக்குத் தோணல?"

"மாப்பிள்ளைகிட்ட எப்படிம்மா கேக்குறது?"

"நானும் கேக்கலையே" என்றாள். "கேட்ட மாதிரி கேட்டேன். அவரு சொன்ன பதிலைக் காதுல வாங்கல. சாவியை நீட்டினாரு, தொடல." அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. அழுதபடியே பையை எடுத்தாள். அம்மா கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். அவளாகத்தான் வந்தாள், அவளாகத்தான் போனாள்.

அங்கே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியான டயர் வந்த அன்று மாப்பிள்ளை வண்டியைக் கொண்டுவந்தார். மகளும் வந்திருந்தாள். பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டாள். ரேகைக்காரர் ஜாக்கி வைக்கிற இடத்தை, பேட்டரியில் படாமல், இரண்டு தடவை பார்த்து வைத்தார். தேய்ந்ததைக் கழற்றினார். புதியதை ரிம்மில் ஏற்றினார். எடையைத் தாங்கும் கெட்டியான டயர், தட்டினால் கட்டை மாதிரி இருந்தது. மெஷினில் சுற்றவிட்டு, ஓடும்போது சக்கரம் ஆடாமல் இருக்க ஈயத் துண்டு ஒட்டினார். காற்றுக் குழாயைக் கையில் எடுத்தவர், கதவுத் தூணைப் பார்த்துவிட்டு, அதோடு நிற்காமல் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"எவ்வளவு வைக்கட்டும் மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை எண்ணைச் சொன்னார். ரேகைக்காரர் அதை வைத்தார். திரையில் மஞ்சள் போய்விட்டது என்று உள்ளேயிருந்து மாப்பிள்ளை சொன்னார். கடைசிச் சக்கரத்தின் நட்டுகளை முறுக்கும்போது ரேகைக்காரருக்குத் தைரியம் வந்தது. குனிந்தபடியே, ஸ்பேனரை விடாமல் கேட்டார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கலாமா? என் மேல இருந்த கோபம் போயிடுச்சா?"

கடையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. மகள் சட்டென்று நிமிர்ந்தாள். அந்தக் கேள்விக்கு எந்த மாப்பிள்ளையும் சொல்கிற பதில் ஒன்று உண்டு, ஐயோ மாமா, கோபமெல்லாம் எதுக்கு என்பது. இவரும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். சொல்லவில்லை. இறங்கி வந்து மாமனாருக்குப் பக்கத்தில் குந்தினார்.

"இல்ல மாமா" என்றார். "இன்னும் இருக்கு."

ரேகைக்காரர் தலையை ஆட்டினார். ஸ்பேனரை அடுத்த நட்டுக்கு மாற்றினார். இத்தனை வருடத்தில் தன் கோபத்தை மாப்பிள்ளை அவரிடம் நேராகச் சொன்னது இதுதான் முதல் முறை. வலித்தது. ஆனால் பெண்ணைக் கொடுத்த இடத்தில் இப்போதுதான் ஒரு மனிதர் இருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது.

"சரி மாப்பிள்ளை. அது போனதும் சொல்லுங்க."

"சொல்றேன் மாமா."